பன்னிரண்டாம் வரிசை வசூல்

என் வீட்டுக்காரர் வீரபாண்டி ஒரு மனிதனை எடைபோட ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறார். அந்த ஆள் சாப்பிட்டுவிட்டு எழுந்து போன பிறகு மேசையில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார். படிப்பு, பதவி, கட்சி எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. மலையாளச் சீமையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிரே நீலகண்டன் முதலாளியின் சைவ ஓட்டலில், எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சப்ளையராக இருக்கிறவர். ஒரு பெரிய மனிதர் வந்து தோசை தின்றுவிட்டுப் போனால் ஓட்டலே அதைப் பற்றிப் பேசும். இவர் மட்டும் வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் வைக்கல பிரேமா, துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாரு" என்பார். அதோடு அந்தப் பெரிய மனிதரின் கதை எங்கள் வீட்டில் முடிந்துவிடும்.

வாங்குவதில் மட்டுமல்ல, கொடுப்பதிலும் அவர் கெட்டி. எந்த ஊரில் எந்தக் கடையில் டீ குடித்தாலும் ஏதாவது வைக்காமல் எழுந்திருக்க மாட்டார். நான் முறைத்தால், "டிப்ஸ் வாங்குறவனுக்குத்தாம்ட்டி வைக்கத் தெரியும்" என்பார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து வந்த நாட்களிலும் இதே பேச்சுதான். நான் தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு மேற்பார்வை. அங்கேயும் டிப்ஸ் உண்டு. ஆனால் நான் அதை வேதம் மாதிரி ஓதிக்கொண்டிருப்பதில்லை.

அவர்கள் ஓட்டலில் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. யார் மேசையில் என்ன கிடைத்தாலும் அது நேரே கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். கடை அடைத்த பிறகு தலைமை சப்ளையர் அதைத் திறந்து, பாத்திரம் கழுவுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் பங்கு போடுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் டிப்ஸை எடுக்கக் கூச்சப்படுவார்களாம். "வேண்டாம் சார்" என்று கூடச் சொல்வார்களாம். அப்போதெல்லாம் என் வீட்டுக்காரர்தான் அவர்களுக்காக எடுத்து டப்பாவில் போடுவார். கூச்சம் தெளிகிற வரைக்கும் மூத்தவர்கள் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம்.

இந்த வழக்கத்தை அவர் தரையில் வைத்துக்கொண்டிருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை. ஆகாயத்துக்குக் கொண்டுபோனதுதான் வம்பாகிவிட்டது.

எங்கள் ஒரே மகள் செல்வமணி விமானத்தில் கேபின் க்ரூவாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அவள் அந்த வேலைக்குப் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது, "நான் தூக்குன தட்டு பத்தாதா, நீயும் தூக்கணுமா?" என்று கேட்டார். பிறகு அவளை யூனிஃபார்மில் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார். கிள்ளிப்பாலத்தில் எங்கள் தெருவில் இருக்கிற எல்லாரிடமும் அவள் படத்தைக் காட்டினார். காட்டிய படத்தையே மறுநாளும் காட்டினார்.

சென்னை அம்பத்தூரில் அவருடைய அக்கா மகனுக்குக் கல்யாணம். போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று செல்வமணிதான் டிக்கெட் எடுத்துத் தந்தாள். எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் விமானம். கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ஸ்பீக்கர்ல போடு. அப்பாவும் கேக்கணும்" என்றாள். "டூட்டி மாறிப்போச்சு. நாளைக்கு நீங்க வர்ற ஃப்ளைட்லதான் நானும் வர்றேன். எனக்கு அதுல செக் உண்டு. எங்க மேலதிகாரி சுஜித் சார் கூடவே வந்து நான் வேலை செய்யறதப் பார்ப்பார். அவர் எழுதறத வச்சுத்தான் கன்ஃபர்ம் பண்ணுவாங்க. மோசமா எழுதினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுனால நீங்க ரெண்டு பேரும் என்னை அறியாத மாதிரி இருக்கணும், கேட்டோ."

"அறியாத மாதிரின்னா?" என்றார் இவர்.

"வேற பாசஞ்சர் மாதிரி. ஏட்டி, மோளேன்னு கூப்பிடக் கூடாது. பொட்டலம் ஒண்ணும் தரக் கூடாது. போன மாசம் எங்க கூட ஜோலி செய்யற ஒரு குட்டியோட அம்மா, மோள் ஒண்ணும் சாப்பிடலையேன்னு சீட்லேர்ந்து எழுந்து வந்து வாழைப்பழம் ஊட்டப் போயிட்டாங்க. சார் அதையும் எழுதிட்டார். ப்ளீஸ் அப்பா."

"சரி மோளே. சும்மா உக்காந்து வாரோம்" என்று இவர் போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதன் பிறகு சாப்பிட உட்கார்ந்தவர் இலையைத் தொடவில்லை. கல்யாண வீட்டில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, என் பக்கம் சாய்ந்து, "பிரேமா, சப்ளையர் மகள்னு தெரிஞ்சா அவளுக்கு நாணக்கேடா இருக்குமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றது. அவளோடு வேலை செய்கிறவர்கள் தம்பானூர் பக்கம் வந்து எங்கெங்கோ சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருநாளும் அப்பாவின் ஓட்டலுக்கு அவர்களை அழைத்து வந்ததில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்த கையோடு விமானத்துக்கு ஓடினோம். வாசலில் செல்வமணி நின்றாள். கொண்டை, உதட்டுச் சாயம், நேராக நின்ற முதுகு. நான் பெற்ற பிள்ளையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. "வெல்கம் சார், வெல்கம் மேம்" என்றாள். இவர் சும்மா போயிருக்கலாம். நெற்றியில் கைவைத்து, "வணக்கம் மேடம்" என்று சல்யூட் அடித்தார். நான் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளி உள்ளே தள்ளினேன்.

எங்களுக்குப் பன்னிரண்டாம் வரிசை. நான் ஜன்னல் ஓரம், இவர் நடுவில், அவருக்கு அந்தப் பக்கம் ஆன்சன் என்று ஓர் இளைஞன். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனாம், சென்னையில் ஏதோ பயிற்சி முடித்துத் திரும்புகிறான். கடலோரப் பிள்ளைகளுக்குத் தமிழ் நன்றாக வரும். "அண்ணாச்சிக்கு முதல் தடவையா? பேடிக்க வேண்டாம், நான் உண்டு" என்று இவருக்கு தைரியம் சொன்னான். எங்கள் மலையாள ஊரில் தமிழ் பேசுகிற எந்த ஆண்பிள்ளையும் அண்ணாச்சிதான்.

விமானம் நகரத் தொடங்கியதும் செல்வமணி நடுவழியில் நின்று பெல்ட் போடுவது, கழற்றுவது, வாசல்கள் இருக்கும் இடம் எல்லாம் கையால் காட்டினாள். ஒருவரும் பார்க்கவில்லை. சிலர் தூங்கவே ஆரம்பித்துவிட்டார்கள். இவர் ஒருவர் மட்டும் அவள் காட்டிய பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பி, பெல்ட்டைப் போட்டுக் கழற்றி, மறுபடி போட்டார். முன்னால் ஒரு கையில் சின்னக் கம்ப்யூட்டர் பலகையோடு உயரமாக நின்றவர்தான் சுஜித் சார் என்று எங்களுக்குப் புரிந்தது. சிரிப்பு என்பது அந்த முகத்துக்குப் பழக்கமில்லாத விஷயம் போலிருந்தது.

மேகத்துக்கு மேலே போனதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்வமணியும் இன்னொரு பெண்ணும் வந்தார்கள். டீ, நூடுல்ஸ், சாண்ட்விச் எல்லாம் காசுக்குத்தான். இவர் தொழில்காரரின் கண்ணோடு பார்த்தார். அவள் வண்டியைக் காலால் நிறுத்துவதையும், ஆடுகிற இடத்தில் சிந்தாமல் ஊற்றுவதையும், கைக்குழந்தைக்காரிக்கு முதலில் வெந்நீர் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கவனிப்பதையும் பார்த்தார்.

"கை சுத்தமா இருக்கு பிரேமா" என்று என் காதில் சொன்னார். "சொல்லிக் கொடுத்து வாரதில்ல இது. ரத்தத்துல இருக்கணும்."

பெருமை அவர் காதுவரைக்கும் ஏறியிருந்தது. அடுத்த நிமிடமே இறங்கிவிட்டது. பத்தாம் வரிசைக்காரர் நூடுல்ஸ் வாங்கி, நோட்டைக் கொடுத்து, மீதிச் சில்லறையை உள்ளங்கையில் விரித்துப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பக்கத்து ஆளும் அப்படியே. பதினொன்றாம் வரிசையில் ஒருத்தர் கார்டைத் தேய்த்துவிட்டு அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"ஒருத்தன்கூட வைக்கலியே" என்றார் இவர். குரல் மாறியிருந்தது.

"ப்ளேன்ல வைக்க மாட்டாங்களா இருக்கும்" என்றேன்.

"எங்க தின்னாலும் தின்னதுதானட்டி? கொடுக்கறது ஒரு பிள்ளதானே?"

எங்கள் வரிசைக்கு வந்தாள். இரண்டு டீ வாங்கி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். அவள் மீதியைக் கொடுத்தபோது, "நீங்களே வச்சுக்கோங்க மேடம்" என்றார்.

"ஸாரி சார், நாங்க டிப்ஸ் வாங்கறதில்லை" என்றாள்.

"பரவால்ல, வைங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"தாங்க்ஸ் சார். பட் வாங்கக் கூடாது." காசை அவர் முன்னாலிருந்த பலகையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்து, அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புதான் இவரைக் குத்தியது. என்னையும் குத்தியது என்பதை மறைக்கமாட்டேன். அறியாதவர்கள் மாதிரி இருங்கள் என்று அவள்தான் சொன்னாள், நாங்களும் சரியென்றுதான் சொன்னோம். ஆனாலும் பெற்ற பிள்ளை அத்தனை சுத்தமாக நம்மை அறியாதவள் ஆகிவிடுவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மேகம் அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதில் லயித்துவிட்டேன். நான் மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது.

இவர் இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பிள்ளை வேலைக்குப் புதுசு. மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார். கூச்சப்படுகிறாள். ஓட்டலில் எத்தனை புதுப் பிள்ளைகள் இப்படி "வேண்டாம் சார்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்! அதற்கு வழி டப்பாதான். எல்லாரும் பொதுவாகப் போட்டு, கடைசியில் தலைமையாளர் கையில் கொடுத்துவிட்டால் அவர் பங்கு போட்டுக்கொள்வார். யாருக்கும் கூச்சமில்லை.

டப்பா இல்லை. முன்சீட்டுப் பையில் வெள்ளைக் காகித உறை ஒன்று செருகியிருந்தது.

"தம்பி, இது என்னத்துக்கு?" என்று ஆன்சனைக் கேட்டார்.

"வாந்தி வந்தா எடுக்கறதுக்கு அண்ணாச்சி."

"எனக்கு வராது" என்று சொல்லி, பலகையிலிருந்த காசை உறைக்குள் போட்டார். பிறகு ஆன்சனிடம் விவரத்தைச் சொன்னார். இந்தப் பிள்ளைகள் நின்ற காலோடு வேலை செய்கிறார்கள், ஒருத்தரும் எதுவும் வைக்கவில்லை, நாலு பேர் சேர்ந்து போட்டால் ஒரு மரியாதை. மகள் என்று மட்டும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாராம்!

"நல்ல காரியமல்லே இது!" என்று ஆன்சன் தன் பங்கைப் போட்டு, எதிர்ப்பக்கத்துக்கு எட்டிக் கொடுத்தான். உறை பின்னால் போகத் தொடங்கியது.

ஆன்சன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவனிடம் கேட்டவர் அடுத்தவரிடம், "அந்தக் குட்டிக்கு ஏதோ உதவியாம்" என்றிருக்கிறார். பதினேழாம் வரிசையில் அது கல்யாண உதவியாகிவிட்டது. இருபதுக்கு அப்பால் போனபோது மருத்துவச் செலவாகியிருந்தது. நம் ஊர் ஜனங்களுக்கு மனசு பெரிது, காதில் விழுந்ததைக் கொஞ்சம் பெருக்கிக் கொடுக்கிற வாயும் பெரிது.

எனக்கு எப்போது தெரிந்தது என்றால், பின்வரிசை அம்மா ஒருத்தி இரண்டு சீட்டுக்கு நடுவே கையை விட்டு என் தோளைத் தட்டி, "அந்தக் கொச்சுக்கு எப்போ ஆபரேஷன்?" என்று மலையாளத்தில் கேட்டபோதுதான்.

"எந்தக் கொச்சுக்கு?"

"சாயா கொடுத்த கொச்சுக்கு. பாவம், பார்த்தா தெரியவே இல்ல."

நான் மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் மேலே ஏசி காற்று வருகிற துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்? முறைப்படி செய்ய வேண்டியதச் செஞ்சேன்."

எல்லாவற்றையும் சொன்னார். "கூறு இருக்கா உங்களுக்கு? அவ வேலை இன்னைக்கு அந்த மனுசன் கையில கிடக்கு! வாந்திப் பையில வசூல் பண்ணி வச்சிருக்கீங்களே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். உறையைப் பிடுங்கி வரலாம் என்று எழுந்தேன். டிங் என்று மணியடித்து பெல்ட் விளக்கு எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. இறங்கப்போகிறோம்.

பின்னால் நடந்ததைப் பிறகு செல்வமணி சொல்லித்தான் அறிந்தோம். சுஜித் சார் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை வாங்கிக்கொண்டே போயிருக்கிறார். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் இந்த உறையை இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டியிருக்கிறார். வாந்திப் பை, அதுவும் புடைத்துப்போயிருக்கிறது. சுஜித் சார் இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக்கொண்டு, "இப்போ எப்படி இருக்கு சார், சுகமாயிருச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு ஒரு கேடும் இல்ல. அந்தக் குட்டிக்குத்தான். நல்லபடியா நடக்கட்டும்" என்றாராம் பெரியவர்.

சார் உறையைத் திறந்து பார்த்தார். மூடினார். செல்வமணியைக் கூப்பிட்டுப் பின்பக்கத் திரையை இழுத்துவிட்டார்.

"விமானத்துக்குள்ள வசூல் நடந்திருக்கு. அதும் உன் பேரைச் சொல்லி. நீ ப்ரொபேஷன்ல இருக்கற குட்டி. இதை நான் எழுதாம விட முடியாது, மனசிலாச்சோ?" என்றார். "நீ வந்து சொன்னியே, பன்னிரண்டாம் வரிசையில ஒருத்தர் ரெண்டு தடவை டிப்ஸ் கொடுக்கப் பார்த்தார்னு. அந்த ஆள்தானே இதைத் தொடங்கினது? இறங்கினதும் செக்யூரிட்டி கையில கொடுத்துடலாம். உன் மேல தப்பில்லன்னு எழுதிடறேன்."

அவள் திரையை விலக்கி நடுவழியைப் பார்த்திருக்கிறாள். அத்தனை தலைகளுக்கு நடுவே ஒரே ஒருவர் பாதுகாப்பு அட்டையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து மறைந்துகொண்டிருந்தார். அட்டை தலைகீழாக இருந்தது.

ஆமாம் சார் என்று அவள் தலையாட்டியிருந்தால் போதும். விவரம் தெரியாத ஒரு பயணி, நாலு திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார். அவள் வேலையும் நிலைத்திருக்கும். இதை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"சார், மைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டாளாம்.

மேலே கரகரவென்று ஒரு சத்தம். விமானம் இறங்குகிற சங்குமுகத்தில் வெயில் எப்படி என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். செல்வமணியின் குரல் வந்தது. முதலில் மலையாளத்தில் சொன்னாள். பிறகு தமிழில்.

"எல்லாரும் கொஞ்சம் கவனிக்கணும். எனக்கு ஒரு நோயும் இல்லை. ஆபரேஷனும் இல்லை, கல்யாணமும் இல்லை."

விமானம் முழுக்கச் சிரிப்பு. இவர் அட்டையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"பின்னால வந்த அந்தக் கவரைத் தொடங்கி வச்சது பன்னிரண்டாம் வரிசையில இருக்கற வீரபாண்டி. அவர் என் அப்பா."

சிரிப்பு அப்படியே நின்றது.

"தம்பானூர்ல ஓட்டல் சப்ளையர். அங்க ஒருத்தர் வேலை நல்லா இருந்தா மேசையில ஏதாவது வச்சுட்டுப் போவாங்க. அந்தக் காசுலதான் நான் படிச்சேன். இந்த யூனிஃபார்முக்கான படிப்பும் அந்தக் காசுதான். அதுனால டிப்ஸ்னா எனக்குக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. ஆனா எங்க வேலையில வாங்கக் கூடாது. நாங்க சாயா கொடுக்கறது இடையில செய்யற ஜோலி. ஏதாவது ஆபத்து வந்தா உங்க எல்லாரையும் வெளியில இறக்கறதுக்குத்தான் நாங்க இருக்கோம். அப்போ, இவர் கொடுத்தார், அவர் கொடுக்கலைன்னு ஒரு நினைப்பு எங்க மனசுல வரக் கூடாது, அல்லே? கொடுத்தவங்க எல்லாரும் இறங்கும்போது வாசல்ல திருப்பி வாங்கிக்கணும். எங்களுக்கு ஏதாவது தரணும்னா போகும்போது ஒரு தாங்க்ஸ் சொல்லுங்க, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

கடைசியாக இன்னொன்றும் சொன்னாள்.

"அப்பா, அட்டையைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. கீழ வச்சுட்டு பெல்ட் போடுங்க."

அப்போது எழுந்த சிரிப்பிலும் கைதட்டலிலும் விமானத்தின் இரைச்சலே கேட்கவில்லை. ஆன்சன் உட்கார்ந்த இடத்திலேயே விசிலடித்தான். இவர் அட்டையைக் கீழே வைத்தார். கன்னமெல்லாம் ஈரம். "என்னைத்தான் சொல்லுதா. என் மகதான்" என்று ஆன்சனிடம் சொன்னார், அவனுக்கு மட்டும் அது தெரியாதது மாதிரி. எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தோடேயே, போச்சு, வேலை போச்சு என்றும் மனசு அடித்துக்கொண்டது.

சக்கரம் தரையைத் தொட்டது. இறங்குவதற்கு எங்களைக் கடைசியாக வரச் சொன்னார்கள். வாசலில் சுஜித் சார் உறையோடு நின்றார், பக்கத்தில் செல்வமணி. ஒவ்வொருவராகத் தங்கள் காசை வாங்கிக்கொண்டார்கள். நான் கொடுத்தது இதைவிடக் குறைவு என்று ஒருவர் சண்டை பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். வாந்திப் பையைப் பெரியவர் கடைசியாக ஒருமுறை பக்தியோடு எட்டிப் பார்த்தார். எல்லாரும் தாங்க்ஸ் சொன்னார்கள், வெறும் வாய் வார்த்தையாக இல்லாமல் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். பின்வரிசை அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "அசுகம் ஒண்ணும் இல்லல்லோ, சமாதானமாச்சு" என்றாள். போகிற வழியில் இவருக்கும் கைகொடுத்தார்கள். இவர் ஒவ்வொருவரிடமும் ஓட்டலுக்கு வழி சொன்னார்.

கடைசியில் உறையில் மிஞ்சியது இவர் காசு. சார் அதை நீட்டினார். வைத்த டிப்ஸை அவர் திருப்பி வாங்கியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், பிள்ளைக்கு வேலை உண்டா இல்லையா?" என்று நேராகக் கேட்டுவிட்டேன். செல்வமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதெல்லாம் இங்க வச்சுச் சொல்லக் கூடாது சேச்சி" என்றார் சுஜித் சார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்தோம். டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். போகலாம் என்றால் இவர் நகரவில்லை. "கடைசி மேசை எழுந்திருக்காம நான் வீட்டுக்குப் போனதில்ல" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் வேண்டாத தெய்வமில்லை. ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்கலிடுவதாக வேண்டியதை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்து, பெட்டிகளை உருட்டிக்கொண்டு அவர்கள் கூட்டமாக வந்தார்கள். யூனிஃபார்மில் ஓடக் கூடாது என்று செல்வமணியே எங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் ஓடி வந்தாள்.

"அப்பா, சார் நல்லா எழுதிட்டார்! பாஸ்!"

பின்னாலேயே சுஜித் சார் வந்தார். "டிப்ஸ் தந்தா மறுக்கணும். பின்னயும் தந்தா பின்னயும் மறுக்கணும். அப்புறம் என்கிட்ட வந்து சொல்லணும். இவ மூணும் செஞ்சிருக்கா, அதும் சொந்த அப்பாகிட்ட" என்றார். "அப்பான்னு சொல்லாம விட்டிருக்கலாம். விடல. நான் வேற என்ன எழுதறது?" அந்த முகத்துக்கும் சிரிக்க வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. "பின்னே, அண்ணாச்சி, இனி வசூல் வேண்டாம், கேட்டோ."

செல்வமணி அதற்குள் திரும்பி, விமானம் ஓட்டியவரைக் கூப்பிட்டாள். தோளில் நாலு பட்டை, நரைத்த மீசை, வாட்டசாட்டமான மனிதர். "சார், இது என் அப்பா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் இவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையை நீட்டினார். இவருடைய வலதுகை தானாகத் தோளுக்குப் போய், வேலை நேரத்தில் அங்கே கிடக்கும் துண்டைத் தேடியது. துண்டு இல்லை. இவர் தவித்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என் முந்தானையை எடுத்து, உள்ளங்கையையும் புறங்கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கையைக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கென்று எடுத்து அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கட்டிய பட்டு. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே ஒரு ரகளை நடந்திருக்கும். வரிசையாக இன்னும் நாலைந்து பேர் அவருக்குக் கைகொடுக்க நின்றார்கள். நான் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து அவர் பக்கம் விட்டேன்.